முட்டைக்கு என்ன மதம்?

தோழர்களே! ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருநாள் வந்தால் மேல்நாடுகளில் முட்டைக்குச் சாயம் பூசி ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொள்ளுகிறார்கள். ஏசு கல்லறையைத் திறந்து எழுந்ததற்கு, ஓட்டை உடைத்துக் குஞ்சு வெளிவருவதே அடையாளம் என்று பாதிரிமார்கள் வியாக்கியானம் சொல்லுகிறார்கள்.

வியாக்கியானம் இருக்கட்டும், சங்கதி என்ன? முற்கால ஐரோப்பாவில் தவசு நாட்கள் நாற்பதும் முட்டை தின்னக்கூடாதென்பது சபையின் கட்டளை. கட்டளை மனிதனுக்குத்தானே ஒழியக் கோழிக்கு அல்லவே! அது தன்பாட்டுக்கு முட்டையிட்டது. குவிந்த முட்டை பெருநாளன்று தீர்ந்தது. 1290ல் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு 450 முட்டைகளை அலங்கரித்துப் பரிவாரத்துக்குக் கொடுக்க 18 பென்ஸ் செலவழித்தான். 1885 முதல் ருஷிய ஜார் மன்னர்கள் பொன்னாலும் ரத்தினத்தாலும் முட்டை செய்வித்து ராணிமார்க்குப் பரிசளித்தார்கள். 1917ல் ஜனங்கள் ரொட்டி கேட்டுக் கிளம்பியபோது அம்முட்டைகளில் ஒன்றாவது சிம்மாசனத்தைக் காப்பாற்றியதா?

நிற்க, பாதிரியைப் பார்த்துச் சிரிக்கும் நமது யோக்கியதை என்ன? அவர்களாவது சாயம் பூசிய பிறகு தின்கிறார்கள். நாமோ திருஷ்டி கழிப்பதென்று தலையைச் சுற்றி முச்சந்தியில் உடைக்கிறோம். அந்தத் தெருவிலேயே சத்தில்லாமல் மெலிந்த குழந்தை நிற்கிறது. அதன் மெலிவுக்குக் காரணம் கண்ணேறா, கஞ்சிக் கலயமா? ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. திருஷ்டியை எந்தத் தராசில் நிறுப்பது?

1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 1984ல் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது நமது ஆண்டிபட்டித் தொகுதியே. 1989ல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010ல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம். இதனால் எந்த மதம் அழிந்து போயிற்று?

ஆனால் மத்தியப் பிரதேசத்தில் 2015ல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்க முதன்மந்திரியே மறுத்தார். கர்நாடகத்தில் 2021ல் பள்ளி முட்டையை மடாதிபதிகள் எதிர்த்தார்கள். மடாதிபதியை முட்டை தின்னும்படி யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லையே! தின்கிற ஏழைப் பிள்ளையின் தட்டில் கைவைக்க இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

ஆகவே தோழர்களே! சாயம் பூசுகிறவர் பூசட்டும். அது அவர் இஷ்டம். நீங்கள் முச்சந்தியில் உடைக்கும் முட்டையை வீட்டுப் பிள்ளைக்கு அவித்துக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்து நாளும் அழுகாத முட்டை வருகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்; வராவிட்டால் கேளுங்கள். குழந்தையின் வயிற்றுக்குள் போன முட்டையே உயிர் கொடுத்த முட்டை.