அயர்லாந்து மீளிணைப்பு

அயர்லாந்து மீளிணைப்பு என்பது 1921 ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்ட அயர்லாந்துத் தீவை மீண்டும் இறைமையுள்ள ஒரே நாடாக ஆக்குவது பற்றிய அரசியற் கோரிக்கை ஆகும். தீவின் 32 மாவட்டங்களுள் 26 அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தவை. வடகிழக்கில் உள்ள ஏனைய 6 மாவட்டங்களும் வட அயர்லாந்து என்னும் பெயரில் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியாக உள்ளன. மீளிணைப்பை விரும்புவோர் தேசியவாதிகள் எனவும், அதனை எதிர்ப்போர் ஒன்றியவாதிகள் எனவும் அழைக்கப்படுகின்றனர். இங்கு ஒன்றியம் என்பது பிரித்தானியாவுடனான ஒன்றியத்தையே குறிக்கின்றது. அயர்லாந்து ஒன்றாவதை எதிர்ப்பவர் ஒன்றியவாதி எனப்படுவது புதிதாகப் படிப்போருக்குக் குழப்பத்தை உண்டாக்கலாம்.

பொதுவாகத் தேசியவாதிகள் கத்தோலிக்கர், ஒன்றியவாதிகள் புரட்டஸ்தாந்தர் என்று கூறப்படுவதுண்டு. இது பெரும்பாலும் சரியே எனினும் முழு உண்மை அன்று. ஐரியக் குடியரசுவாதத்தின் முன்னோடியாகக் கருதப்படும் உல்ஃப் டோன் ஒரு புரட்டஸ்தாந்தர். அவர் பங்குகொண்ட ஐக்கிய ஐரியர் கழகம் 1791 இல் பெல்பாஸ்ட் நகரிலேயே தோன்றியது.

பிரிவினையின் தோற்றம்

17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்ஸ்டர் மாகாணத்தில் இசுக்கொட்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து புரட்டஸ்தாந்தர் பெருமளவில் குடியேற்றப்பட்டனர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் பேச்சு எழுந்தபோது, டப்ளினில் அமையும் நாடாளுமன்றத்தில் தாம் நிலையான சிறுபான்மையினர் ஆகிவிடுவோம் என இவர்களின் வழித்தோன்றல்கள் அஞ்சினர். 1912 செப்டம்பர் 28 அன்று தன்னாட்சியை எதிர்க்கும் அல்ஸ்டர் உறுதிமொழியிலும், பெண்களுக்கான தனிப் பிரகடனத்திலுமாக ஏறத்தாழ 4,70,000 பேர் கையொப்பமிட்டனர். தன்னாட்சிச் சட்டம் 1914 இல் நிறைவேறியபோதும், முதலாம் உலகப் போரினால் நிறுத்தி வைக்கப்பட்டது. 1916 உயிர்த்த ஞாயிறு எழுச்சியும், அதன் தலைவர்களுக்கு அளிக்கப்பட்ட மரண தண்டனையும் தெற்கின் மனநிலையை முற்றாக மாற்றின. 1918 தேர்தலில் சின் பெயின் கட்சி அயர்லாந்தின் 105 இடங்களில் 73 இடங்களை வென்றது.

இச்சூழ்நிலையில் 1920 ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டம் தீவில் பெல்பாஸ்டிலும் டப்ளினிலுமாக இரண்டு நாடாளுமன்றங்களை ஏற்படுத்தியது. இச்சட்டம் 1921 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது மாவட்டங்கள் உள்ளன. அவ்வொன்பதையும் சேர்த்தால் புரட்டஸ்தாந்தரின் பெரும்பான்மை மிகக் குறுகியதாக இருந்திருக்கும். எனவே டொனெகல், கேவன், மொனகன் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டன. எஞ்சிய ஆறு மாவட்டங்களில் புரட்டஸ்தாந்தர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆயினர். ஆயினும் அவ்வாறில் டைரோன், ஃபெர்மானா ஆகிய இரண்டிலும் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். ஆகவே எல்லை மாகாணத்தின் வரலாற்று எல்லையையோ, மாவட்ட மக்களின் விருப்பத்தையோ பின்பற்றவில்லை. ஒரு தரப்பு உறுதியாக ஆளக்கூடிய மிகப்பெரிய நிலப்பரப்பு எதுவோ அதுவே வட அயர்லாந்து ஆயிற்று. அதன் பிற்காலச் சிக்கல்கள் பலவும் இவ்வொரு முடிவிலிருந்தே தொடங்குகின்றன எனலாம்.

எல்லை ஆணைக்குழு

விடுதலைப் போரின் முடிவில் 1921 டிசம்பர் 6 அன்று ஆங்கில-ஐரிய ஒப்பந்தம் கையொப்பமானது. வட அயர்லாந்து புதிய ஐரியச் சுதந்திர அரசில் சேராவிடில், எல்லையை மறுபடி வரையறுக்க ஓர் ஆணைக்குழு அமைக்கப்படும் என அதன் 12 ஆவது உறுப்புரை கூறியது. இவ்வாணைக்குழு பெரும் நிலப்பரப்பைத் தெற்குக்கு வழங்கும் என்றும், எஞ்சும் சிறு வடக்குத் தனித்து நிற்க இயலாது போகும் என்றும் ஒப்பந்தத்தை ஆதரித்தோர் நம்பினர். 1922 சனவரி 7 அன்று டொயில் அவை 64 க்கு 57 என்னும் வாக்குக் கணக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது. எனினும் அவ்வவையில் நடந்த நீண்ட விவாதத்தில் பெரும்பகுதி மன்னருக்கான விசுவாச உறுதிமொழியைப் பற்றியதாகவே இருந்தது. பிரிவினை பற்றிப் பேசப்பட்டது மிகக் குறைவு. தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போரில் மைக்கேல் கொலின்ஸ் 1922 ஆகத்து 22 இல் கொல்லப்பட்டார்.

ஆணைக்குழுவுக்குத் தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்ட் ஃபீத்தம் தலைமை தாங்கினார். எல்லை மக்களின் விருப்பத்துக்கு ஏற்பவும், பொருளாதார, புவியியல் நிலைமைகளுக்குப் பொருந்தும் அளவிலும் அமைய வேண்டும் என்பது உறுப்புரையின் கருத்து. இதில் பிற்பகுதியே மேலோங்கியது என்று ஃபீத்தம் பொருள் கொண்டார். 1925 நவம்பர் 7 அன்று மோர்னிங் போஸ்ட் நாளிதழ் ஆணைக்குழுவின் முடிவுகளைக் கசியவிட்டது. சிறு மாற்றங்கள் மட்டுமே செய்யப்படும் என்பதும், கிழக்கு டொனெகலின் ஒரு பகுதி வடக்குக்குச் செல்லும் என்பதும் டப்ளினைத் திகைக்க வைத்தன. தெற்கின் உறுப்பினரான ஓயின் மக்நீல் பதவி விலகினார். டிசம்பர் 3 அன்று மூன்று அரசாங்கங்களும் பழைய எல்லையையே உறுதி செய்தன. அதே உடன்படிக்கையில் ஐக்கிய இராச்சியத்தின் பொதுக் கடனில் தன் பங்கைச் செலுத்தும் பொறுப்பிலிருந்து சுதந்திர அரசு விடுவிக்கப்பட்டது. ஆணைக்குழுவின் அறிக்கை 1969 வரை வெளியிடப்படவில்லை.

எல்லையும் அன்றாட வாழ்வும்

ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வெல்லை நாடுகளைப் பிரிப்பதற்கென வரையப்பட்டதன்று. பழைய மாவட்டக் கோடுகளே நாட்டெல்லை ஆயின. இவை பண்ணைகளையும் ஊர்களையும் ஊடறுத்துச் செல்கின்றன. மொனகன் மாவட்டத்தின் குளோன்சிலிருந்து கேவனுக்குச் செல்லும் சாலை சில கிலோமீட்டர் தொலைவுக்குள் எல்லையை நான்கு முறை கடக்கின்றது. பெற்றிகோ என்னும் சிற்றூரைச் சிறு ஆறொன்று இரு நாடுகளாகப் பிரிக்கின்றது. 1923 ஏப்ரலில் சுங்கச் சாவடிகள் ஏற்பட்ட பின்னர் குளோன்ஸ் தன் சந்தைக்கு வரும் ஊர்களை இழந்தது; டெரி தனது இயல்பான பின்னிலமான டொனெகலை இழந்தது. (டெரி என்பது தேசியவாதிகள் வழங்கும் பெயர், ஒன்றியவாதிகளுக்கு அது லண்டன்டெரி. ஒருவர் எப்பெயரைச் சொல்கிறார் என்பதிலிருந்தே அவர் எப்பக்கத்தவர் என்பதை ஊகிப்பது அங்கு வழக்கம்.)

ஆயினும் பல நிறுவனங்கள் பிரியவே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையும், முதன்மையான புரட்டஸ்தாந்தச் சபைகளும் தீவு முழுவதற்கும் பொதுவாகவே இயங்குகின்றன. ரக்பி விளையாட்டில் அயர்லாந்துக்கு ஒரே அணி உள்ளது, காற்பந்தாட்டத்திலோ இரண்டு. 2007 முதல் மின்சாரச் சந்தையும் ஒன்றாக உள்ளது.

இரு ஆட்சிகள்

வடக்கில் 1921 முதல் 1972 வரை ஒன்றியவாதிகள் இடைவிடாது ஆண்டனர். நாடாளுமன்றத் தேர்தல்களில் விகிதாசார முறை 1929 இல் நீக்கப்பட்டது. டெரி நகரில் கத்தோலிக்கர் தெளிவான பெரும்பான்மையினராக இருந்தும், வட்டார எல்லைகள் வரையப்பட்ட விதத்தால் 1960களில் நகரவையில் ஒன்றியவாதிகள் 12 பேரும் தேசியவாதிகள் 8 பேருமே இடம்பெற்றனர். உள்ளூராட்சி வாக்குரிமை சொத்துவரி செலுத்துவோர்க்கே உரியதாக இருந்ததால், வீடு வழங்குவது வாக்கு வழங்குவதற்குச் சமமாயிற்று.

தெற்கின் நிலையும் ஒன்றியவாதிகளைக் கவரக்கூடியதாக இருக்கவில்லை. டி வலேராவின் 1937 அரசியலமைப்பு (இந்திய அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது இதுவே) முழுத் தீவையும் தேசிய நிலப்பரப்பு என உரிமை கோரியது. அத்துடன் கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சிறப்பிடமும் அளித்தது. ஒருவரை நம் வீட்டுக்கு அழைக்கும்போதே அவருக்கு ஒவ்வாத வகையில் வீட்டை அமைத்துக்கொள்வது போன்றதே இது. இச்சிறப்பிடம் 1972 இல் நடந்த வாக்கெடுப்பினால் நீக்கப்பட்டது. 1940 இல், போரில் நேச நாடுகளுடன் சேர்ந்தால் மீளிணைப்புக்கு வழிவிடப்படும் எனப் பிரித்தானியா முன்வைத்த யோசனையை டி வலேரா ஏற்கவில்லை. அன்றைய நிலையில் அவ்வாக்குறுதியைப் பெல்பாஸ்ட் மதித்திருக்கும் என்று அவர் நம்புவதற்கும் காரணம் இருக்கவில்லை.

1968 இன் குடிசார் உரிமைப் பேரணிகளைத் தொடர்ந்து வன்முறை பரவியது. 1972 சனவரி 30 அன்று டெரியில் பிரித்தானியப் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். மற்றொருவர் பின்னர் இறந்தார். அவ்வாண்டு மார்ச்சில் வடக்கின் நாடாளுமன்றம் இடைநிறுத்தப்பட்டு இலண்டனின் நேரடி ஆட்சி வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் 3,500 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1973 மார்ச் 8 இல் நடந்த எல்லை வாக்கெடுப்பைத் தேசியவாதிகள் புறக்கணித்தமையால், வாக்களித்தோரில் 98.9% பேர் ஐக்கிய இராச்சியத்தில் நீடிக்க விரும்பினர் என்னும் முடிவு எதையும் தீர்க்கவில்லை.

பெரிய வெள்ளி உடன்படிக்கை

1998 ஏப்ரல் 10 அன்று ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கை மீளிணைப்பு விவாதத்தின் சட்ட அடிப்படையாக உள்ளது. மே 22 இல் நடந்த வாக்கெடுப்புகளில் வடக்கில் 71.1 விழுக்காட்டினரும் தெற்கில் 94.4 விழுக்காட்டினரும் இதனை ஆதரித்தனர். வட அயர்லாந்தின் நிலை அங்குள்ள பெரும்பான்மையினரின் இசைவின்றி மாறாது என்பதைத் தெற்கு ஏற்று, அரசியலமைப்பின் 2, 3 ஆம் உறுப்புரைகளைத் திருத்தியது. மறுபுறம், பெரும்பான்மையினர் விரும்பினால் தடை செய்யாது விட்டுக்கொடுக்க இலண்டன் ஒப்புக்கொண்டது. வடக்கில் பிறந்தோர் பிரித்தானியர், ஐரியர் அல்லது இருவகையினராகவும் தம்மை அடையாளப்படுத்தலாம். இறைமை கைமாறினாலும் இவ்வுரிமை மாறாது.

வாக்கெடுப்பை அழைக்கும் அதிகாரம் வட அயர்லாந்துக்கான பிரித்தானிய அமைச்சரிடம் உள்ளது. பெரும்பான்மையினர் மீளிணைப்புக்கு வாக்களிக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். ஒரு வாக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஏழாண்டுகள் கழிய வேண்டும். ஆனால் அவருக்கு எவ்வாறு தோன்றும், எதை அளவுகோலாகக் கொள்வார் என்பதைச் சட்டம் கூறவில்லை. அளவுகோலை வெளியிடும் கட்டாயம் இல்லை என்று பெல்பாஸ்ட் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது.

எத்தகைய பெரும்பான்மை?

விவாதத்தின் மையமான வினா இதுவே. பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும் என்பது உடன்படிக்கையின் நிலை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அரசியலமைப்புப் பிரிவு ஒழுங்குசெய்த அறிஞர் குழுவும் தனது 2021 அறிக்கையில் அதனையே உறுதி செய்தது. வாக்கெடுப்புக்கு முன்பே திட்டம் தெளிவாக வேண்டும் எனவும் அது வலியுறுத்தியது. இதற்கு மாறாக, மிதவாதத் தேசியவாதத் தலைவர் சீமஸ் மாலன் 2019 இல், இரு சமூகத்தினரின் போதிய ஆதரவும் வேண்டும் என்றார். வாழ்நாள் முழுவதும் மீளிணைப்பை விரும்பிய ஒருவரே இவ்வாறு கூறியமை பலரைச் சிந்திக்க வைத்தது. குறுகிய பெரும்பான்மை, 1921 இல் கத்தோலிக்கருக்கு நேர்ந்ததை மறுதலையாகப் புரட்டஸ்தாந்தருக்குச் செய்துவிடும் என்பதே அவரது அச்சம். இதில் உண்மை உண்டு. ஆயினும் ஐக்கிய இராச்சியத்தில் நீடிக்க 50 விழுக்காடு போதும், விலக 60 வேண்டும் எனில் ஒரு தரப்பின் வாக்குக்கு மற்றதைவிடக் குறைந்த பெறுமதி உண்டாகிறது. பழைய டெரி நகரவையை நினைவில் கொண்டோர் இதை ஏற்பர் என எதிர்பார்க்க முடியாது. ஆகவே சட்ட அளவை மாற்றுவதை விட, வாக்கெடுப்பை அவசரப்பட்டு அழைக்காதிருப்பதே பொருத்தமான காப்பாகத் தோன்றுகின்றது.

பிரெக்சிட்டும் மக்கள்தொகையும்

2016 வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 55.8% பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தனர். இரண்டு பகுதிகளும் ஒன்றியத்துக்குள் இருந்தவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த எல்லை மீண்டும் அரசியலின் நடுவுக்கு வந்தது. நில எல்லையில் சோதனைகளைத் தவிர்க்க, வடக்குக்கும் பெரிய பிரித்தானியாவுக்கும் இடையே சரக்குச் சோதனைகள் ஏற்பட்டன. ஒன்றியவாதிகளின் எதிர்ப்பால் 2023 இல் வின்ட்சர் சட்டகம் இதனைத் திருத்தியது. மீளிணைந்தால் தீவு முழுவதும் தானாகவே ஐரோப்பிய ஒன்றியத்தில் அடங்கும் என 2017 ஏப்ரலில் ஐரோப்பியப் பேரவை அறிவித்திருந்தது.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி கொண்டோர் 45.7% ஆகவும், புரட்டஸ்தாந்த, பிற கிறித்தவப் பின்னணி கொண்டோர் 43.5% ஆகவும் இருந்தனர். பிரிவினைக்குப் பின் முதன்முறையாகக் கத்தோலிக்கர் முந்தினர். 2022 சட்டமன்றத் தேர்தலில் சின் பெயின் 90 இடங்களில் 27 ஐப் பெற்று முதலிடம் அடைந்தது. 2024 பெப்ரவரி 3 இல் மிசேல் ஓ'நீல் முதலமைச்சரானார். எனினும் இவற்றிலிருந்து மீளிணைப்பு நெருங்கிவிட்டதாக முடிவு செய்வது தவறாகும். அதே கணக்கெடுப்பில் தம்மைப் பிரித்தானியர் மட்டும் என்றோர் 31.9%, ஐரியர் மட்டும் என்றோர் 29.1%, வட ஐரியர் மட்டும் என்றோர் 19.8%. இம்மூன்றாம் வகையினரும், எத்தரப்பையும் சாராத கூட்டணிக் கட்சியின் வாக்காளருமே முடிவைத் தீர்மானிக்கக் கூடியவர்கள். 2022 இல் வெளியான ஐரிசு டைம்சு நாளிதழின் ஆய்வில் வடக்கில் 27% பேர் மீளிணைப்பை ஆதரித்தனர், 50% பேர் எதிர்த்தனர். தெற்கில் 66% பேர் ஆதரித்தனர்.

தெற்கின் ஆதரவும் நிபந்தனைகள் அற்றதன்று. கொடியும் நாட்டுப்பண்ணும் மாறும் என்றால் ஆதரிக்கத் தயங்குவோம் என்றே அங்கு ஏறத்தாழப் பாதிப்பேர் கூறினர். வடக்குக்கு இலண்டன் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 பில்லியன் பவுண் வழங்குகின்றது. ஃபிட்சுசெரால்டு, மோர்கன்ரொத் ஆகிய பொருளியலாளர் 2024 இல், மீளிணைப்பின் செலவு இருபது ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 8 முதல் 20 பில்லியன் யூரோ வரை ஆகலாம் என மதிப்பிட்டனர். ஓய்வூதியம், பாதுகாப்புச் செலவு, கடன் வட்டி போன்றவை மாற்றப்படமாட்டா எனக் கொண்டால் தொகை பெரிதும் குறையும் என டப்ளின் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோன் டொயில் வாதிட்டார். மருத்துவமும் ஒரு தடை. வடக்கில் அது பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது, தெற்கில் பலர் மருத்துவரைக் காணப் பணம் செலுத்துகின்றனர்.

டப்ளின் அரசு 2020 இல் பகிர்ந்த தீவு என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இது சாலை, கால்வாய், பல்கலைக்கழகம் போன்றவற்றில் எல்லை கடந்த முதலீட்டையே முன்னிறுத்துகின்றது. வாக்கெடுப்பு பற்றிப் பேசுவதைத் தவிர்க்கின்றது. சின் பெயின் இதனைப் போதாது என்கின்றது. 2025 அக்டோபரில் மீளிணைப்பை வெளிப்படையாக ஆதரிக்கும் கேத்தரின் கொனலி அயர்லாந்தின் குடியரசுத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். வடக்கில் வாழும் ஐரியக் குடிமக்களுக்கு அத்தேர்தலில் வாக்கில்லை. பெல்பாஸ்டில் பிறந்த மேரி மக்கலீசு 1997 முதல் 2011 வரை அதே பதவியை வகித்தபோதும், பெல்பாஸ்டில் வாழ்ந்த எவரும் அவருக்கு வாக்களித்திருக்க முடியாது. இவ்வாக்குரிமையை விரிவாக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கென 2019 இல் திட்டமிடப்பட்ட வாக்கெடுப்பு பின்போடப்பட்டது.