ஒப்புக்குச் சப்பாணியா உள்ளூர் வீரர்?

ஐரோப்பாவில் ஆடும் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, உள்நாட்டு லீக் வீரர்களை மட்டும் வைத்து 2009இல் தொடங்கிய ஆப்பிரிக்க நாடுகள் கால்பந்து சாம்பியன்ஷிப் வெறும் ஒப்புக்குச் சப்பாணி என்கிறார்கள். சான்றுகள் வேறு சொல்கின்றன. 2018இல் மொராக்கோ கோப்பை வென்றபோது 9 கோல் அடித்த அயூப் எல் காபி, அப்போது உள்ளூர் கிளப்பான பெர்கானில் ஆடியவர். 2024 ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், 116ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி ஒலிம்பியாகோஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவரும் அவரே. நல்ல வீரர்கள் வெளியேறத்தானே இந்தப் போட்டி வழிசெய்கிறது என்று கேட்கலாம். அவர்கள் எப்படியும் போவார்கள். போகுமுன் நாட்டின் சட்டையில் ஆட வாய்ப்புக் கிடைப்பது இங்கேதான்.

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வந்தபின், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை எதற்கு என்று இந்தியாவில் கேட்பதும் இதே வாதம்தான். 1941இல் தொடங்கிய அந்தப் போட்டியின் 2022 அரையிறுதியில், கர்நாடகத்துக்கு எதிராகக் கேரளத்தின் ஜெசின் மாற்று ஆட்டக்காரராக இறங்கி 5 கோல் அடித்தார். பிறகு ஈஸ்ட் பெங்கால் அவரை எடுத்துக்கொண்டது. கூட்டம் வராது என்பவர்கள் அன்று மஞ்சேரி மைதானத்தைப் பார்த்திருக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டக் கீழவைப்பார் மணலில் பந்து உதைக்கும் பையன் ஒரே தாவில் ஐஎஸ்எல் போய்விட முடியாது. மாவட்ட அணி, மாநில அணி என்று படிகள் வேண்டும். அட்டவணையைக் கடைசி நேரத்தில் மாற்றுவதும் ஒளிபரப்பில் அலட்சியம் காட்டுவதும் நடத்துபவர்களின் குறை. அதற்காகப் படியையே இடிக்கச் சொல்வது என்ன நியாயம்?