தேடுகிறவள் தட்டட்டும்!

போன மாதம் நான் ஓர் அசட்டுக் காரியம் செய்யப் போனேன். நல்லவேளை, ஒரு ராத்திரியோடு போயிற்று. உங்களில் ஒருத்தியாவது அதே தப்பைச் செய்யாமல் தப்பிக்கட்டும் என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சகோதரிகளே!

என் பெண் பெங்களூரில் இருக்கிறாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். சும்மா இருக்கப் பிடிக்காமல், நம் வீட்டுச் சமையலை இங்கிலீஷில் எழுதி ஒரு வெப்சைட் ஆரம்பித்தாள். வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் என்று நான் போனில் சொல்லச் சொல்ல, 200 குறிப்புக்கு மேல் சேர்ந்துவிட்டது. "சின்னச் செலவுக்கெல்லாம் அவர்கிட்ட கை நீட்ட ஒரு மாதிரியா இருக்கும்மா" என்பாள். எனக்குத் தெரியாதா அந்தச் சங்கடம்!

இத்தனை குறிப்பில் வேண்டியதை எப்படி எடுப்பது? அதற்காகப் பக்கத்தின் மேலே ஒரு தேடல் கட்டம் வைத்தாள். அதில் 'தோசை' என்று எழுதித் தட்டினால் தோசைக் குறிப்புகள் வரிசையாக வரும். கூடவே தோசைக்கல் விற்கிற கடை விளம்பரமும் வரலாம். அந்த விளம்பரத்தை யாராவது தட்டினால் இவளுக்குக் காசு!

"கடைக்காரன் விளம்பரத்துக்கு உனக்கு எதுக்குடி காசு?" என்று கேட்டேன்.

"கடைக்காரர் கூகிளுக்குப் பணம் கொடுக்கிறார். அதைக் காட்டின இடம் என் பக்கம். அதனாலே எனக்கு ஒரு பங்கும்மா" என்றாள். இந்த ஏற்பாட்டுக்கு ஆட்ஸென்ஸ் என்று பெயர். 2003-ல் வந்தது. 2010-ல் கூகிளே வெளியிட்ட கணக்குப்படி, குறிப்புகளுக்கு நடுவே வரும் விளம்பரத்தில் பக்கத்துக்காரருக்கு 68 சதவிகிதம். தேடல் கட்டத்தின் வழியாக வருவதில் 51 சதவிகிதம். பங்கு குறைவுதான். ஆனால் தெருவோடு போகிறவளுக்கும், கடைக்குள் வந்து "இரும்புக்கல் இருக்கா?" என்று கேட்கிறவளுக்கும் வித்தியாசம் உண்டல்லவா? தேடுகிறவளுக்கு ஏதோ தேவை இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டத்தின் மதிப்பு.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது! எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு 15 பேர் கூடுவோம். எல்லார் கையிலும் போன். "என் பொண்ணு பக்கத்திலே போய் எதையாவது தேடி, வர்ற விளம்பரத்தையெல்லாம் தினம் நாலு தடவை தட்டுங்கோ" என்று சொல்லி வைத்தேன். நாளையிலிருந்து ஆரம்பம் என்று ஏற்பாடு. ராத்திரி பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஐயோ அம்மா! என் கணக்கையே மூடிடுவாங்க!" என்று அலறிவிட்டாள்.

சொந்தக்காரர், சிநேகிதி யாரும் உதவியாகத் தட்டக் கூடாதாம். தன் பக்கத்து விளம்பரத்தைத் தானே தட்டவும் கூடாது. "தட்டுங்கள்" என்று எழுதவும் கூடாது. பொய்த் தட்டல் என்று தெரிந்தால் அந்தக் காசைக் கழித்துவிடுவார்கள், கணக்கையும் மூடலாம். எனக்குத் தூக்கமே வரவில்லை. குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு ராத்திரியெல்லாம் அவள் எழுதினது என் அசட்டுத்தனத்தால் போயிருக்குமே!

விடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் 15 வீடும் ஏறி இறங்கினேன். எதிர் வீட்டு அக்கா சொன்னதுதான் சுருக்கென்றது. "என் பிள்ளையும் பாத்திரக் கடைக்கு இப்படித்தான் விளம்பரம் கொடுக்கிறான். பணம் போகுது, ஆளைக் காணோம்னு புலம்பறான். நாம தட்டினா இன்னொரு பிள்ளை வயித்திலேதானே அடிக்கிறோம்?" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். என் பெண்ணுக்குக் காசு என்று மட்டும் நினைத்தேனே தவிர, அது யார் பையிலிருந்து வருகிறது என்று நினைக்கவில்லை.

உங்களில் யாருக்காவது இதில் ஆசை இருந்தால், என் பெண் சொன்ன சில விஷயங்கள்:

* ஆட்ஸென்ஸில் சேரக் கட்டணம் கிடையாது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். பக்கத்தைப் பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். "பதிவுக் கட்டணம் கட்டு, விளம்பரத்தைத் தட்டியே தினம் சம்பாதிக்கலாம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

* தமிழில் எழுதும் பக்கங்களையும் 2018 முதல் ஆட்ஸென்ஸ் ஏற்றுக்கொள்கிறது.

* தேடல் கட்டத்தில் நாமே ஒரு சொல்லை எழுதி வைக்கக் கூடாது. வருகிறவர்தான் எழுத வேண்டும்.

* 10 டாலர் சேர்ந்ததும் 6 இலக்க எண் ஒன்று தபாலில் வரும். அதைக் கணக்கில் பதிய வேண்டும். ஆகவே வீட்டு விலாசத்தைப் பிழையில்லாமல் கொடுங்கள். 100 டாலர் ஆனால்தான் பணம் பாங்க்குக்கு வரும். அதுவரை அடுத்தடுத்த மாதக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

* வருகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கவனியுங்கள். என் பெண் பார்த்தபோது, சர்க்கரைக்காரர்களுக்கான டிபனைப் பலர் தேடியிருந்தார்கள். அவளிடம் ஒரு குறிப்புகூட இல்லை! உடனே உட்கார்ந்து எழுதினோம். அதற்கப்புறம்தான் வருகிறவர்கள் கொஞ்சம் கூடினார்கள்.

இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. என் பெண்ணுக்கு முதல் 100 டாலர் சேர 14 மாதம் ஆயிற்று. ஆனால் யார் முன்னும் தலைகுனியாத காசு. அதில் எனக்கு ஓர் இரும்புத் தோசைக்கல் வாங்கி அனுப்பினாள். விளம்பரத்தைத் தட்டி வாங்கவில்லை, கடைக்கு நடந்தே போய் வாங்கினாளாம்!