யாருக்கு அது சிறுமகசூல்?

ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் சென்னைக்குத் தன் பழைய கடைகள் மீது காதல் பொங்கிவிடும். 2004 முதல் ‘மெட்ராஸ் டே’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் நடைப்பயணங்களில் மவுண்ட் ரோட்டுக்குத் தனியிடம் உண்டு. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடை, 1863இல் தொடங்கிய ஸ்பென்சர், சாரட்டு வண்டிகள் செய்த சிம்ப்ஸன், மணிக்கூண்டோடு நிற்கும் பி.ஆர் அண்ட் சன்ஸ். ஸ்பென்சரில் ஊசி முதல் ஒயின் வரை கிடைத்ததாம், துரைசாணிகள் சாரட்டில் வந்து இறங்கினார்களாம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் கண்கள் மின்னுகின்றன. அந்தக் கட்டடங்களோடு எனக்குப் பகை இல்லை. அவற்றைச் சொல்லும் கதையோடுதான் பகை.

அந்தக் கதை கல்லாப்பெட்டியில் தொடங்கி கண்ணாடி அலமாரியில் முடிந்துவிடுகிறது. கப்பலில் வந்த சாமான்களின் பட்டியல் நமக்கு மனப்பாடம். அதே துறையிலிருந்து திரும்பிய கப்பலில் என்ன ஏறிப்போனது என்று யாரும் கேட்பதில்லை. ஏறிப்போனவற்றில் முக்கியமானது தோல். ஆடு மாடுகளின் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய் நீரில் முக்கியெடுத்து, அரைப்பதமாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அது அங்கே செருப்பாகி, பையாகி, புத்தக அட்டையாகி உலகமெங்கும் போனது. நம் நூலகங்களின் பின்வரிசையில் இன்றும் இருக்கும் விக்டோரியா காலத்துத் தோலட்டைப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். விரலில் சிவப்பாக ஒரு தூள் ஒட்டும். பட்டையும் காயும் போட்டுப் பதமிட்ட தோல் நூறாண்டுக்குப் பிறகு உதிர்வது அப்படித்தான்.

அந்தக் கடுக்காய் காய்க்கும் இடங்களில் ஒன்று ஜவ்வாது மலை. இன்றைய திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அடுத்த சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக இந்த மலையின் காலடிக்கே வந்துவிட்டது. அந்த எஞ்சின்கள் முதலில் எரித்தது விறகு. தண்டவாளத்தின் இருபக்கக் காடுகளும் அந்த அடுப்புக்குப் போயின. தண்டவாளத்தை ஒட்டிய பாலாற்றங்கரை ஊர்களில் தோல் தொழில் வளர்ந்தது. ஆற்றின் கதி என்ன ஆயிற்று என்பதை 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேலூர்க் குடிமக்கள் வழக்கு சொல்லும். அது தனியாக எழுத வேண்டியது.

கடுக்காய்க்கு வருவோம். அது மரம் வெட்டுவதைப்போல வீரம் காட்டுகிற வேலை இல்லை. குனிந்து பொறுக்க வேண்டும். பாறைமேல் பரப்பிக் காயவைக்க வேண்டும், பனிபட்டால் கறுக்கும், கறுத்தால் விலை இல்லை. சொத்தை பிரிக்க வேண்டும். கூடையில் கட்டித் தலைச்சுமையாக இறக்க வேண்டும். நடுவே பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும், சாமை குத்த வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும். மலையில் இந்த வேலையின் பெரும்பங்கு பெண்களுடையது, கூடவே பிள்ளைகளுடையது. வீட்டுவேலை எங்கே முடிகிறது, சந்தைக்கான உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத வேலை இது. கோடு கிழிக்க முடியாததாலேயே கணக்கில் ஏறாமல் போன வேலையும்கூட.

1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. காடு ‘ஒதுக்குக் காடு’ ஆனது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியது சலுகை என்றானது, சலுகை மீறப்பட்டால் குற்றம் என்றானது. பொறுக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைதாரருக்குப் போயிற்று, பொறுக்கும் வேலை மட்டும் பெண்களிடம் நின்றது. இதற்கு அரசாங்கம் வைத்த பெயர்தான் ‘சிறுவன மகசூல்’. வெட்டுமரம் பெரிது. தேன், புளி, கடுக்காய், கிழங்கு, பட்டை, துடைப்பப்புல் சிறிது. கோடரியும் வண்டியும் பதிவேடும் தொட்டது பெரிது, விரலும் முறமும் தொட்டது சிறிது. ஒரு தோல் வணிகத்தையே தாங்கிய காய் எந்தக் கணக்கில் சிறிது? அதைப் பொறுக்கியவள் சிறியவள் என்ற கணக்கில்தான். இந்தச் சட்டம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், ‘தமிழ்நாடு வனச்சட்டம், 1882’ என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இன்றும் வாழ்கிறது.

இந்த இடத்தில் நம் தமிழ்த்துறைக்காரர்கள் எழுந்து மலைபடுகடாத்தைக் காட்டுவார்கள். அது பாடும் நன்னனின் செங்கண்மா, ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம். அது பேசும் சேயாறு பிறப்பது இந்த மலையில். கூத்தர்களுக்கு வழிநெடுக விருந்து கிடைக்கும் பாட்டு அது. அழகுதான், நானும் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஆனால் விருந்தைப் புகழ்ந்தவன் அதைச் சமைத்தவளின் பெயரைக் கேட்கவில்லை என்பதை மாணவிகள் கவனிக்காமல் போவதில்லை. ஆங்கிலேயனின் பதிவேட்டுக்கு முன்னால் பொற்காலம் இருந்தது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பதிவேட்டின் கொடூரம் வேறு வகை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தின்றது. சேலமும் வட ஆர்க்காடும், அதாவது இந்த மலையைச் சுற்றிய மாவட்டங்கள், கடுமையாக அடிபட்டவை. நிவாரண வேலைக்குப் போன ஆணின் கூலியை 1877இல் ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார் ரிச்சர்ட் டெம்பிள். 1878இல், அதே சென்னையில், ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட புகழ்பெற்ற புத்தகம் ஒரு சமையல் நூல். ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் எழுதியது. துரைமார் வீட்டு விருந்தை எப்படி நடத்துவது, டப்பாவில் வந்த சாமானை எங்கே நம்புவது, எங்கே நம்பக்கூடாது என்றெல்லாம் சொல்லித்தரும் நூல். அதில் சமையல்காரனின் பெயர் எப்போதும் ‘ராமசாமி’. எல்லாச் சமையல்காரர்களுக்கும் ஒரே பெயர். ராமசாமிக்காவது ஒரு பொய்ப்பெயர் கிடைத்தது. அவன் அடுப்புக்கு விறகு சுமந்து வந்தவளுக்கு அதுவும் இல்லை. இந்த நூலைப் பழைய மெட்ராஸின் சுவை என்று கொண்டாடுகிறவர்கள் அட்டையில் இருக்கும் ஆண்டை ஒருமுறை வாசிக்கலாம்.

பெண்ணியம் படித்த தோழிகளிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய அங்காடிகள் பெண்ணுக்குப் பொதுவெளியைத் திறந்துவிட்டன, ஆண் துணையின்றி அவள் தெருவில் நடக்கக் காரணமாயின என்று மேற்கத்திய ஆய்வுகள் சொல்கின்றன. லண்டனுக்கும் பாரிசுக்கும் அது பொருந்தும். அதை அப்படியே மவுண்ட் ரோட்டில் கொண்டுவந்து நட்டு ஆய்வேடு எழுதுகிறோம். இந்த ஊரில் தமிழ்ப் பெண் வணிகத்துக்குள் வராமலா இருந்தாள்? மீன், கீரை, மோர், பூ, விறகு எல்லாம் அவள் தலையில்தான் தெருவுக்கு வந்தன. பொதுவெளியில் நடக்க அவளுக்கு ஸ்பென்சரின் அனுமதி தேவைப்படவில்லை. அவள் நடந்தாள், வெயிலில், சுமையோடு. அந்த நடை நம் கோட்பாட்டில் விடுதலையாக எண்ணப்படவில்லை, அடிமைத்தனமாகவும் எண்ணப்படவில்லை. எண்ணப்படவே இல்லை.

சந்தனத்தைச் சொல்லாமல் ஜவ்வாது மலையைப் பேச முடியாது. அந்தக் காலத்துத் துரைசாணிகள் விரும்பி வாங்கியவற்றில் சந்தனப்பலகையில் தந்தம் பதித்த விசாகப்பட்டினத்துப் பெட்டிகளும் உண்டு. சந்தனம் எந்த மலையுடையது என்று பெட்டியில் எழுதியிருக்காது. மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று ஆன பிறகு, மரம் இருக்கும் மலையில் பிறந்தவர்கள் எல்லாரும் சந்தேகத்துக்குச் சொந்தமானார்கள். அந்தச் சந்தேகம் எங்கே போய் முடிந்தது என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. ஜவ்வாது மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினரின் ஊர் அது, சித்தேரி மலையடிவாரத்தில். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தன. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் முப்பது ஆண்டுகளாகச் சாட்சி சொன்னார்கள். கட்டைக்குக் கணக்கு வைத்திருந்த அரசு, அவர்களுடைய சொல்லைக் கணக்கில் எடுக்க அவ்வளவு காலம் எடுத்தது.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று ஒரு வரியில் முடித்தன செய்திகள். கூலிக்கு மலையிறங்கும்படி அவர்களை யார் ஆக்கியது என்ற கேள்விக்கு அந்த வரியில் இடமில்லை. உடல்கள் மலைக்குத் திரும்பின. அதன் பிறகு கடனும் பிள்ளைகளும் யார் தலையில் விழுந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நகரத்து இயற்கை அங்காடிகளின் அலமாரிகளில் மலைத்தேனும் சாமை அரிசியும் அழகான சீசாக்களில், பைகளில் நிற்கின்றன. சுருக்கம் விழுந்த முகம் ஒன்று பொட்டலத்தில் சிரிக்கிறது. ஸ்பென்சர் காலத்தில் அவளை மறைத்து விற்றார்கள், இப்போது காட்டி விற்கிறார்கள். பொட்டலத்தின் விலையில் அவள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தேனின் மருத்துவக் குணங்களைத்தான் பதிலாகச் சொல்வார்.

கேட்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், இந்தச் ‘சிறு’ மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் மட்டுமல்ல, அதன் மீது உடைமை கொள்ளவும் காட்டில் வாழ்பவருக்கு உரிமை தருகிறது. நில உரிமைப் பட்டயத்தைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்கிறது, குடும்பத்தலைவி தனித்திருந்தால் அவள் பெயரிலேயே. தமிழ்நாட்டில் அது நீதிமன்றத் தடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது, தடை விலகிய பிறகும் தாலுகா அலுவலகக் கட்டுகளில் ஊர்கிறது. 1882இன் சட்டத்துக்கு அந்தத் தாமதம் ஒருநாளும் இருந்ததில்லை. வரும் ஆகஸ்டில் மவுண்ட் ரோட்டில் நடக்கப்போகும் தோழிகள் ஹிக்கின்பாதம்ஸ் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த கையோடு, அவள் பெயர் ஏறிய பட்டயங்கள் ஜவ்வாது மலையில் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடட்டும். கட்டணம் பத்து ரூபாய்தான்.