பணப் பஞ்சமா, பார்வைப் பஞ்சமா?

ஈழத்துத் தமிழிலே குறும்படம் ஆக்க முனையும் இளைஞரை நோக்கி, "உங்கள் படத்தில் நமது வாழ்க்கை எங்கே?" என்று கேட்டால், ஆயத்தமாக ஒரு விடை வருகிறது: "பணம் இல்லை." இவ்விடை அனுதாபத்தைச் சம்பாதித்துத் தருகிறது; விமர்சகனின் வாயையும் அடைத்துவிடுகிறது. ஆனால், அது உண்மையா?

பணம் இல்லை என்பதை எவரும் மறுக்கவில்லை. தமிழ்நாட்டுப் படங்கள் நிறைந்துள்ள சந்தையில் நம்மவரின் பத்து நிமிடப் படத்துக்கு முதல் போட வியாபாரிகள் முண்டியடிக்கப் போவதில்லை. ஆனால், பணம் இல்லாமையால் படம் பொய்யாகிறது என்னும் வாதத்தை ஏற்பதற்கில்லை.

1965இல் கியூபாவில் சந்தியாகோ அல்வாரெஸ் 'நவ்' என்னும் குறும்படத்தை ஆக்கினார். அமெரிக்காவின் வணிகத் தடையால் பிலிமுக்கே தட்டுப்பாடு நிலவிய நாடு அது. அவர் கையிலிருந்தவை சில புகைப்படங்கள், செய்திப்படத் துண்டுகள், லீனா ஹோர்ன் பாடிய ஒரு பாட்டு. இவற்றைக்கொண்டே, அமெரிக்கக் கறுப்பின மக்கள்மீது ஏவப்பட்ட வன்முறையை ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் உலகின் முன் வைத்தார்.

அத்துணை தூரம் போவானேன்? சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்ரூடியோக்களையே நம்பிக் கிடந்த காலத்தில், அரசாங்கத் திரைப்படப் பிரிவிலிருந்து விலகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமெராவைக் கிராமத்துக்கு எடுத்துச் சென்றார். 1956இல் 'ரேகாவ' பிறந்தது. 1977இல் தர்மசேன பத்திராஜ தமிழில் ஆக்கிய 'பொன்மணி' யாழ்ப்பாணத்து மண்ணையும் மனிதரையும் காட்டியது. இவை முழுநீளப் படங்களாயினும், குறும்படக்காரருக்கும் பாடம் ஒன்றே.

இன்றோ, கைத்தொலைபேசியே கமெராவாகிவிட்டது. பணக்காரனின் ஏகபோகம் உடைந்திருக்கிறது. உடைந்த பின்னும் நம்மவர் பலர் எதைப் படம் பிடிக்கின்றனர்? கோடம்பாக்கத்தின் நிழலை! கதாநாயகன் மெதுவாக நடந்து வருகிறான். பருத்தித்துறையில் நின்று சென்னைத் தமிழ் பேசுகிறான். வானிலிருந்து எடுத்த காட்சி ஒன்று தேவையின்றி வந்து போகிறது. ட்ரோனுக்கு வாடகை கொடுத்தவர் நல்ல ஒலிவாங்கிக்குச் செலவிடவில்லை. காற்றின் இரைச்சலில் வசனம் மூழ்குகிறது. இதுவா வறுமை? இது இரவல் ஆடம்பரம்.

அந்த ஆடம்பரத்தின் செலவை யார் சுமக்கிறார்? விளக்குப் பிடித்தவரும், சமைத்துப் போட்டவரும், நாள் முழுவதும் வெயிலில் நின்ற நடிகையுமே. "கலைக்காகச் செய்கிறோம்" என்று கூறி அவர்களது கூலி மறுக்கப்படுகிறது. திரையில் சுரண்டலைச் சாடிவிட்டு, படப்பிடிப்பில் சுரண்டலை நடத்துவது எந்த வகை முற்போக்கு?

குறைந்த செலவில் படமெடுப்போர் செலவைக் கதையிலே குறைக்கட்டும், கூலியிலே குறைக்க வேண்டாம். ஐந்து இடங்களில் நிகழும் கதையை ஒரே வீட்டுக்குள் எழுதலாம். பகல் வெளிச்சம் இலவசம். 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜித'வில், ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ர வெள்ளைத் துணியில் ஒளியைத் தெறிக்கச் செய்தே ஸ்ரூடியோவுக்குள் இயற்கை வெளிச்சத்தை உண்டாக்கினார். சீலைத்துணி நம் வீடுகளிலும் உண்டு.

நம் தெருக்களிலே கதைகளுக்குப் பஞ்சமில்லை. தோட்டத் தொழிலாளியின் லயன் அறையும், கடன் தவணைக்கு அஞ்சும் பெண்ணின் வாசற்படியும் கோடிகளைக் கேட்கவில்லை. தம்மை உற்று நோக்கும் கண்களையே கேட்கின்றன. அக்கண்களைத் திறக்க மறுப்பவருக்குக் கோடி ரூபாய் கொடுத்தாலும், அவர் எடுக்கப்போவது கோடம்பாக்கத்தின் மற்றொரு நகலையே.