ஓர் எழுத்து படுத்தும் பாடு

சென்ற வாரம் ஒரு நாள் மாலை நண்பர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளே இடி முழக்கம் கேட்டது. முழங்கியவர் நண்பர். எதிரே அவருடைய பத்து வயதுப் பெண் தலை குனிந்து நின்றாள். மேஜையின்மேல் அவளுடைய இங்கிலீஷ் பரீட்சைத் தாள், சிவப்பு மைக் கோடுகளுடன் விரிந்து கிடந்தது.

"நீங்களே பாருங்கள், ஸார்! 'ஷீ வாக் டு ஸ்கூல்' என்று எழுதியிருக்கிறாள். 'வாக்ஸ்' என்றல்லவா எழுத வேண்டும்? ஓர் எழுத்து! ஒரே ஓர் எழுத்து! ஐந்து இடங்களில் விட்டு ஐந்து மார்க்கைக் கோட்டை விட்டிருக்கிறாள். இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு எத்தனை புத்தகங்கள் இருக்கிறது! எத்தனை வசதிகள் இருக்கிறது! எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்றார்.

நண்பர் கூறிய இந்த வார்த்தைகளை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

அன்றிரவு வீடு திரும்பிய பிறகும் அந்தப் பெண்ணின் முகம் நம் கண்ணைவிட்டு அகலவில்லை. அந்தக் குழந்தை மந்த புத்தியுள்ளவளா? போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள், போகின்றன என்று தமிழில் ஒரு வினைச்சொல்லுக்குப் பத்து முடிவுகள் இருக்கின்றன. கடைசி ஒன்று நீங்கலாக மற்றவற்றை நம் குழந்தைகள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கு முன்பே பிழையின்றிச் சொல்லிவிடுகிறார்கள். இத்தனையையும் சமாளிக்கும் குழந்தை, இங்கிலீஷில் உள்ள ஒற்றை விகுதியிடம் தோற்றுப்போவானேன்?

யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. தமிழில் விகுதி வேலை செய்து சம்பாதிக்கிறது. 'வந்தாள்' என்று மட்டும் சொன்னால் போதும். வந்தது ஒருத்தி என்பது தெரிந்துவிடும். இங்கிலீஷிலோ 'ஷீ' என்று முன்னாலேயே சொல்லியாகிவிடுகிறது. அதன் பிறகு வரும் 'எஸ்' புதிதாக எதையும் தெரிவிப்பதில்லை. வேலையில்லாத உத்தியோகஸ்தரைக் குழந்தை கவனியாமற் போவதில் வியப்பென்ன?

போதாக்குறைக்கு அந்த எழுத்து இரட்டை வேஷம் போடுகிறது. பெயர்ச்சொல்லின் பின்னால் நின்றால் பன்மை. வினைச்சொல்லின் பின்னால் நின்றால் ஒருமை! பையன் ஒருவன் ஓடினால் 'பாய் ரன்ஸ்'. பலர் ஓடினால் 'பாய்ஸ் ரன்'. எழுத்து ஒரு சொல்லிலிருந்து குதித்து மற்றொரு சொல்லில் ஏறிக்கொள்கிறது. 'எஸ்' என்றால் பன்மை என்று நேற்றுத்தான் கற்றுக்கொண்ட குழந்தை இன்று திகைக்கத்தானே செய்யும்?

இங்கிலீஷ் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதுவும் விகுதிகள் நிறைந்த பாஷையாகவே இருந்தது. தன்மைக்கு ஒன்று, முன்னிலைக்கு ஒன்று, படர்க்கைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். படர்க்கை ஒருமைக்குத் தென்பகுதியில் 'எத்' என்று முடிப்பார்கள். 'எஸ்' வடக்கே நார்தம்பிரியாவின் வழக்கு. பத்தாம் நூற்றாண்டில் ஆல்டிரெட் என்ற பாதிரியார், லிண்டிஸ்பார்ன் சுவிசேஷப் பிரதியின் லத்தீன் வரிகளுக்கிடையே எழுதிவைத்த இங்கிலீஷ் உரையில் இந்த வடக்கத்தி முடிவைக் காணலாம். அது மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி லண்டன் வரை வந்தது. 1616-ல் காலமான ஷேக்ஸ்பியர் இரண்டையும் கையாண்டிருக்கிறார். 1611-ல் வெளியான பைபிள் மொழிபெயர்ப்போ பழைய 'எத்'தையே பிடித்துக்கொண்டிருந்தது. பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் வடக்கத்தி 'எஸ்' வென்றுவிட்டது. மற்ற விகுதிகளெல்லாம் உதிர்ந்து போயின. 'இருத்தல்' என்னும் வினையை நீக்கிப் பார்த்தால், நிகழ்காலத்தில் மிஞ்சியிருப்பது இடிந்த மாளிகையின் இந்த ஒற்றைத் தூண்தான்.

இங்கிலாந்திலேயே நார்போக் பிரதேசத்துக் கிராமவாசிகள் தலைமுறை தலைமுறையாக 'ஹீ கோ' என்று சொல்லி வந்தவர்கள். இங்கிலீஷின் உறவுப் பாஷைகளான டேனிஷ், ஸ்வீடிஷ் ஆகியவற்றில் இன்று வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. அந்த ஜனங்களின் காரியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அதனால் அந்த எழுத்தை விட்டுவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பாஷையை எழுதப் புகுந்தால் அதன் மரியாதைப்படி எழுதத்தான் வேண்டும். ஆனால் அதட்டிக் கற்பிப்பதைக் காட்டிலும் தமிழைக் கொண்டு கற்பிப்பது எளிது. 'டஸ்' வந்தால் பின்வரும் வினைக்கு 'எஸ்' கிடையாது. வீட்டுக்கு ஒரே சாவி. அண்ணன் எடுத்துச் சென்றுவிட்டால் தம்பி கையில் இராது. 'கேன்', 'மே', 'மஸ்ட்' ஆகியவற்றுக்கும் 'எஸ்' இல்லை. நான் வரலாம், அவள் வரலாம், அவர்கள் வரலாம் என்னும்போது நம் 'வரலாம்' மாறுகிறதா? அதைப் போலத்தான். இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாடலில் தெய்வம் ஒருமையாக இருந்தும் வினை 'எஸ்' இல்லாமல் வருவதேன்? அது நம் 'வாழ்க', 'காக்க' போன்ற வியங்கோள். எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொது.

இந்த யோசனைகளையெல்லாம் சுமந்துகொண்டு மறுநாளே நண்பர் வீட்டுக்குப் போனோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இருந்தாலும் பிழை பிழைதானே, ஸார்?" என்றார்.

"சந்தேகமென்ன? ஆனால் நேற்றுத் தாங்கள் 'புத்தகங்கள் இருக்கிறது, வசதிகள் இருக்கிறது' என்றீர்களே, அது என்ன? பன்மை எழுவாய்க்கு 'இருக்கின்றன' என்றல்லவா முடிக்க வேண்டும்? எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தத்தைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே எடுத்துக்கொண்டார். தவறினால் அதற்குப் பால் வழு என்று பெயர். தங்கள் பெண் இங்கிலீஷில் செய்த அதே பிழையைத் தாங்கள் தாய்மொழியில் செய்திருக்கிறீர்கள்!"

நண்பர் திகைத்துப் போனார். அவரை மட்டும் குறை கூறி என்ன பயன்? நம்மில் எத்தனை பேர் நாள்தோறும் இப்படிப் பேசுகிறோம், எழுதவும் எழுதுகிறோம்! அதற்காக யாரும் தலை குனிவதில்லை. அந்நிய பாஷையில் ஓர் எழுத்து குறைந்தால் அவமானம். சொந்த பாஷையில் விகுதியே மாறினாலும் 'பேச்சு வழக்கு'! இரண்டு தராசுகளை வைத்துக்கொண்டு, கனமான படிக்கல்லைக் குழந்தையின் தலையில் வைப்பது நியாயமாகுமா? காரணம் இருக்குமானால் பிழையையும் ஏற்றுக்கொண்டு அதற்கு 'வழுவமைதி' என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். அந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் நம் குழந்தைகளுக்கும் கிடைக்கட்டும்.

அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிறுமி மெதுவாக அருகில் வந்தாள்.

"மாமா, அப்பாவுக்கு எத்தனை மார்க் குறைப்பீர்கள்?" என்று கேட்டாள்.

"இரண்டு" என்றோம்.

நண்பர் வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் பரீட்சைத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.