கோர்சோக் ஆடுகள் யாருக்கு இடைஞ்சல்?

"இவ்வளவு அழகான இடத்தில் ஆட்டை மேய விடுகிறார்களே, வனத்துறை கேட்காதா?" லடாக்கின் சோ மோரிரி ஏரிக்கரையில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கோயம்புத்தூர்க்காரர். அவர் படம் எடுக்க நின்ற இடத்தில் ஒரு மந்தை குறுக்கே வந்துவிட்டது. நல்ல பிள்ளைதான், தின்ற பிஸ்கட்டின் உறையைக்கூடக் கீழே போடாமல் பையில் கட்டி வைத்திருந்தார். கேள்வியில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் ஈரோடு மாவட்டத்தின் மலையோரத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் கேள்வி பழையது. அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள், காட்டுயிர் ஆர்வலர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆட்டுக்காரரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

அந்த ஏரிக்கரையில் உள்ள கோர்சோக் கிராமம் லேயிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உப்ஷி தாண்டியபின் சிந்து நதியை ஒட்டியே போக வேண்டும். சுமதாங்கில் வெந்நீர் ஊற்று. மாஹே பாலத்தில் நதியைக் கடந்து, நம்ஷாங் லா கணவாயில் ஏறி இறங்கினால் முதலில் ஒரு சின்ன ஏரி வரும். அதையே சோ மோரிரி என்று நம்பி இறங்கிப் படமெடுப்பவர்கள் உண்டு. பெரியது இன்னும் தள்ளி. 4,500 மீட்டர் உயரம், அதாவது தொட்டபெட்டா உச்சிக்கும் மேலே இன்னும் 1,900 மீட்டர். சுமார் 120 சதுர கிலோமீட்டர் தண்ணீர். உள்ளே வரும் ஓடைகள் உண்டு, வெளியேற வழி இல்லை. அதனால் இலேசாக உப்புக் கரிக்கும். குளிர்காலத்தில் உறைந்துவிடும். 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் இது. சுற்றியுள்ள பரப்பு சாங்தாங் காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் வருகிறது.

கரையில் ஒரு புத்த மடம், சில வீடுகள், கையகலப் பார்லி வயல்கள். உலகிலேயே மிக உயரத்தில் உழவு நடக்கும் இடங்களில் இதுவும் ஒன்று என்பார்கள். ஆனால் கோர்சோக் என்பது அந்த வீடுகள் மட்டும் இல்லை. கோடையில் ஊருக்குப் பின்னாலுள்ள கோர்சோக் ஃபூ பள்ளத்தாக்கில் ஏறிப் பார்த்தால்தான் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியும். யாக் மயிரில் நெய்த கறுப்பு 'ரெபோ' கூடாரங்களும் அரசு கொடுத்த வெள்ளைக் கூடாரங்களும் கலந்து கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கல்லடுக்கிய பட்டிகள். சாங்பா மேய்ப்பர்கள் ஆண்டுக்குப் பலமுறை இப்படி இடம் மாறுகிறார்கள். எந்தக் குடும்பம் எந்தப் புல்வெளிக்கு எப்போது போக வேண்டும் என்பதைத் தலைவரான 'கோபா' முறைப்படுத்துகிறார். குளிர்காலப் புல்லைக் கோடையில் தொடக்கூடாது. எந்த மேய்ச்சல் பாடநூலும் இதைவிடப் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

காலையில் பால் கறப்பதைப் பார்க்கத்தான் நான் ஏறினேன். என் மனைவி ஏரியைப் பார்த்துக்கொண்டு கீழேயே இருந்துவிட்டாள், அதுவும் நியாயம்தான். ஒரே நீளக் கயிற்றில் ஆடுகளை எதிரும் புதிருமாக இரண்டு வரிசையாக நிறுத்தி, கழுத்தோடு கழுத்து பின்னிக் கட்டிவிடுகிறார்கள். தலைகள் உள்ளே, மடிகள் வெளியே. பெண்கள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கறந்துகொண்டே நகர்கிறார்கள். எந்த ஆடும் உதைக்கவில்லை. தடுப்பூசி போடும் நாளில் நூறு வெள்ளாட்டைப் பிடிக்க எங்கள் உதவியாளர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். கறந்து முடித்ததும் கயிற்றின் நுனியை ஓர் இழு. மொத்த மந்தையும் அவிழ்ந்து மலையேறிவிட்டது.

இது சாங்தாங்கி இனம். எங்கள் பக்கத்து மேச்சேரிச் செம்மறிக்குக் கம்பளியே கிடையாது, உடம்போடு ஒட்டிய முடிதான். இங்கே வெள்ளாடே கம்பளி தருகிறது. மேலே முரட்டு மயிர், அதற்கடியில் குளிர்காலத்துக்கென்று வளரும் பஞ்சு போன்ற அடிமயிர். வெயில் வந்ததும் அது தானாகத் தளர்ந்துவிடும். கோடையில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான். ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்குக் கால் கிலோ கிடைத்தால் பெரிது. அதுதான் பஷ்மினா. 2023-ல் லடாக் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நகரக் கடையில் ஒரு சால்வையின் விலைச்சீட்டைப் பார்த்தவர்கள், அந்த ஆட்டுக்காரி எங்கே தூங்குகிறாள் என்று ஒருமுறை பார்க்க வேண்டும். உறைபனி விடாத காலத்தில்தான் குட்டி போடும் பருவம். ஈரக் குட்டியைத் துடைத்துக் கூடாரத்துக்குள் வைத்துக் காப்பாற்றும் வேலை இரவெல்லாம் நடக்கும். 2012–13 குளிர்காலத்தில் பனி கனமாகப் பெய்து புல்லை மூடியபோது சாங்தாங்கில் கால்நடைகள் ஆயிரக்கணக்கில் பட்டினியில் செத்தன.

இந்த வாழ்க்கையை விட்டுவிட்டு யாராவது போனால் குறை சொல்ல முடியுமா? போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மேற்கே கர்னாக் பகுதியின் மேய்ப்பர் குடும்பங்களில் பெரும்பாலானவை லேக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டன. அந்தக் குடியிருப்புக்குப் பெயரே கர்னாக்லிங். பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். புகாவில் மேய்ப்பர் பிள்ளைகளுக்கென்றே உறைவிடப் பள்ளி இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு எந்தச் சரிவில் பனி முதலில் உருகும் என்று யார் சொல்லித் தருவது? எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த வீட்டுப் பெரியவரிடம் ஓட்டுநர் மூலமாகக் கேட்டேன். "மேமே-லே (தாத்தா), உங்களுக்குப் பிறகு ஆடு யாருக்கு?" அவர் சிரித்தார். "டாக்டர் சாப் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்" என்றார்.

சுற்றுலாவால் ஏரி கெடுகிறது என்று எழுதாத பத்திரிகை இல்லை. உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலைவிட என்னைக் கவலைப்பட வைத்தவை நாய்கள். கோடையில் சுற்றுலாக் கூடாரங்கள் கொட்டும் சோற்றில் நாய்கள் பெருகிவிட்டன. செப்டம்பர் கடைசியில் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நாய்களுக்குப் பசி மட்டும் மிஞ்சும். அப்போது அவை ஆட்டுக்குட்டியையும் கடிக்கும், மர்மோட்டையும் துரத்தும். அடுத்த வேனிலில் சதுப்பில் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்கின் முட்டையையும் குஞ்சையும் விடாது. அந்தக் கொக்கு ஒரு பருவத்தில் இடுவது பெரும்பாலும் இரண்டே முட்டை. இந்தியாவில் அது குஞ்சு பொரிப்பது கிழக்கு லடாக்கின் இதுபோன்ற ஈரநிலங்களில்தான். கருத்தடை அறுவைக்கு ஆளும் மருந்தும் அனுப்புவது பெரிய வித்தை இல்லை. மிச்சச் சோற்றைக் குழியில் மூட வைப்பது அதைவிடச் சுலபம். இந்த இரண்டையும் செய்யாமல், ஆடு மேய்வதால் பறவைக்கு ஆபத்து என்று அறிக்கை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆடு கூடினால் புல் குறையும் என்பதை மறுக்கமாட்டேன். பஷ்மினாவுக்கு விலை இருப்பதால் செம்மறியையும் யாக்கையும் குறைத்து வெள்ளாட்டைக் கூட்டியிருக்கிறார்கள். காட்டுக் கழுதை அதே புல்லைத் தின்கிறது என்ற மனத்தாங்கலும் மேய்ப்பர்களுக்கு உண்டு. ஓநாய்க் கதை இன்னும் பழையது. கல்லால் அடி அகன்று வாய் குறுகிய குழி கட்டி, உள்ளே ஓர் ஆட்டை விட்டு வைப்பார்கள். குதித்த ஓநாயால் ஏறி வர முடியாது. ஊரே கூடிக் கல்லால் அடித்துக் கொல்லும். 'ஷாங்டோங்' என்று பெயர். அந்தக் குழிகளின் சுவரில் இப்போது வழி திறந்துவிடுகிறார்கள். 2018-ல் சுஷுல் ஊரார் தங்கள் குழிகளைச் செயலிழக்க வைத்துப் பக்கத்திலேயே ஒரு ஸ்தூபி எழுப்பினார்கள். பனிச்சிறுத்தைப் பாதுகாப்புக்காரர்கள் ஊரோடு பல காலம் உட்கார்ந்து பேசியதன் பலன் அது. ஆட்டை அடைக்க உறுதியான பட்டி கட்டித் தந்தார்கள், ஊர் மனம் மாறியது. மேய்ப்பரை வெளியேற்றியிருந்தால் இந்தப் பேச்சை யாரோடு நடத்தியிருப்பார்கள்?

இன்னொரு பக்கம், இதே சாங்தாங் டெல்லியிலிருந்து பார்த்தால் காலி மனையாகத் தெரிகிறது. மணாலி நெடுஞ்சாலையில் உள்ள பாங் பகுதியில் பிரம்மாண்டமான சூரிய மின் பூங்கா வரப்போகிறது. லடாக்கிலிருந்து 13 கிகாவாட் மின்சாரத்தை வெளியே கொண்டு செல்ல 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை ₹20,773.70 கோடி. நிலக்கரி வேண்டாம், சூரிய மின்சாரம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் அந்தச் சமவெளி சாங்பாக்களின் மேய்ச்சல் நிலம். லடாக்கின் சூழலியல் செயல்பாட்டாளர் சோனம் வாங்சுக் 2024 மார்ச்சில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்துவிட்டு, மேய்ப்பர்கள் இழக்கும் நிலத்தைக் காட்டப் 'பஷ்மினா பேரணி' அறிவித்தார். கெடுபிடிகளால் அது கைவிடப்பட்டது. மின்தகடுகளின் கீழே ஆடு மேய வழி விட்டு, வேலிக்குள் மந்தை போய்வரப் பாதை விட்டு வடிவமைக்க முடியாதா? செம்மறி மேயும் சூரியப் பண்ணைகள் உலகில் எத்தனையோ இருக்கின்றன. மேய்ப்பர்களோடு உட்கார்ந்து வரைபடம் போட்டிருந்தால் அந்தப் பேச்சு முதல் நாளே வந்திருக்கும்.

எங்கள் ஊர்க் கதையையும் சொல்லியாக வேண்டும். அந்தியூரை அடுத்த பர்கூர் மலையில் செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு போட்ட மாடுகள் உண்டு. காட்டுக்குள் பட்டி போட்டு மாதக்கணக்கில் மேய்த்தே வளர்ந்த இனம். தொழுவத்தில் கட்டித் தீவனம் வைத்தால் அது பர்கூர் மாடாக இருக்காது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை சொல்லி, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கியது. 2024 ஜனவரியில் பர்கூர்க் காட்டையும் சேர்த்து 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மாட்டுக்காரர்கள் போராடினார்கள். ஒரு பக்கம் இந்த இனத்தைக் காக்க ஆராய்ச்சி நிலையம், இன்னொரு பக்கம் அதன் மேய்ச்சலுக்கு வேலி. இரண்டுக்கும் செலவழிப்பது ஒரே அரசு.

மனிதர் இருந்தால் காட்டுயிர் அழியும் என்பவர்கள் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சோ மோரிரியில் நான் கோடையில் குஞ்சுகளோடு பார்த்த அதே வரித்தலை வாத்து இனம், குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டித் தெற்கே அந்தக் குளம் வரை வருகிறது. அங்கே பறவைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கூடு கட்டும் பறவை மிரளும் என்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். 1994-ல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு வெகு முன்பிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது.

கோர்சோக்குக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். லேயில் உடம்பைப் பழக்கிக்கொண்டு போங்கள். கூடார விடுதியைவிட ஊர்வீட்டில் தங்குங்கள். அந்தப் பணம் ஊரிலேயே நிற்கும். உலர் கழிப்பறையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம், மண்ணைத் தள்ளிவிட்டு வந்தால் போதும், அடுத்த ஆண்டு பார்லிக்கு உரமாகும். லேயில் பயணிகளிடம் சுற்றுச்சூழல் கட்டணம் என்று ஒரு தொகை வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, பனி மூடுவதற்குள் மாஹே பாலத்தைத் தாண்டிப் பட்டிகளுக்குக் குதிரை மசாலும் பார்லி வைக்கோலும் கொண்டு சேர்க்கலாம். குட்டி போடும் மாதங்களில் ஒரு கால்நடை மருத்துவரையும் ஓர் உதவியாளரையும் கோர்சோக்கிலேயே தங்க வைக்கலாம். படியும் விறகும் ஒழுங்காகக் கொடுத்தால் அந்த வேலைக்கு இளம் மருத்துவர்கள் வருவார்கள். எங்கள் துறையில் அப்படிப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.